காய்ந்த மரங்களை விறகுக்கு விற்கலாமா, அப்படியே விடலாமா? (அரூர் பக்கம்)

ஓடைக்கரை_அரூர்

வணக்கம். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற பக்கம், அடிவாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி மாந்தோப்பு, கொஞ்சம் முருங்கை, மீதியில் மழையை நம்பி ராகியும் சாமையும். நிலத்தை ஒட்டி ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஓடும், மாசி வந்தால் வெறும் மணல்தான். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நிலத்தில் செத்துப்போன மரங்கள் சில இருக்கின்றன. ஓடைக்கரையில் பெரிய நீர்மருது ஒன்று, முழுக்கக் காய்ந்து நிற்கிறது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. பாதி உயரத்தில் பொந்து இருக்கிறது, சாயங்காலத்தில் ஆந்தை வந்து உட்காருகிறது. மேட்டுப் பக்கம் ஒரு புளியமரம் காற்றில் சாய்ந்து சில வருடமாகக் கிடக்கிறது. வரப்பில் தலை போன மொட்டைப்பனை ஒன்று. தோப்புக்குள் இரண்டு மாமரம் இந்த வருடம்தான் காய்ந்தது, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது.

விறகு வியாபாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டி எடுத்துக்கொள்கிறேன், செங்கல் சூளைக்குப் போகும் என்று விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். செத்த மரம் இருந்தால் கரையான் ஏறும், பாம்பு அடையும், கோடையில் காட்டுத்தீ வந்தால் முதலில் அதுதான் பிடிக்கும், தோப்புக்கும் பூச்சி வரும் என்பது அவர் கட்சி. அப்பாவுக்கு அந்த மருது மரத்தை வெட்ட மனசில்லை. ஆனால் ஏன் வெட்டக்கூடாது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

காட்டில் செத்த மரத்தை விட்டுவைப்பது நல்லது என்று அங்கங்கே படித்திருக்கிறேன். காட்டோரத்துப் பட்டா நிலத்துக்கும் அது பொருந்துமா? எப்படியும் உளுத்துப்போகிற மரம்தானே, எரித்தால் என்ன, மண்ணில் கிடந்து மக்கினால் என்ன, இரண்டும் ஒன்றில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு_மாந்தோப்பு

தம்பி, மற்றதை அப்புறம் பார்க்கலாம். அந்த இரண்டு மாமரத்தையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அடியில் தூள் கொட்டுகிறது என்றால் தண்டுத் துளைப்பான்தான். நீளக் கொம்பு வைத்த சாம்பல் நிற வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு உள்ளே போய்த் தின்னும். மேலே இலை வாடுகிற வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. காய்ந்த மரத்துக்குள் புழு இன்னும் இருந்தால் அது கூடாகி, வண்டாகி, பக்கத்து மரத்துக்குப் போகும். வெட்டித் துண்டு போட்டு எரித்துவிடுங்கள். தோப்புக்குள் அடுக்கி வைக்கவே கூடாது.

மற்ற மரங்களின் அடிப்பட்டையையும் ஒரு சுற்று பாருங்கள். புதிதாகத் தூள் தள்ளியிருந்தால் ஓட்டையில் கொக்கிக் கம்பி விட்டுப் புழுவை இழுத்து எடுங்கள். தளர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தார் ஒரு பங்கு மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து அடியிலிருந்து மூன்று அடி உயரத்துக்குப் பூசினால் அந்த இடத்தில் வண்டு முட்டை வைக்காது. தோப்பில் முள்ளிலவு இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்வார்கள், அதிலும் இதே வண்டு வரும்.

தென்னை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், செத்த தென்னையையும் விட்டுவைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு உளுத்த தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் குஞ்சு பொரிக்கும். காட்டுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் தோப்புக் கணக்கு வேறு.

மரவாடி_கிருஷ்ணகிரி

தம்பி, பாலக்கோட்டுக்காரர் மாமரத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. மருதுக்கும் பனைக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நான் மரம் அறுத்துப் பிழைக்கிறவன். அப்பா மரவாடி வைத்திருந்தார், அதன் பிறகு சாமிலை நான் பார்க்கிறேன். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குக் காய்ந்த மரம் வெறும் கட்டை. ரம்பத்தில் ஏற்றிப் பிளக்கிறவனுக்கு அதற்குள் ஒரு ஊரே குடியிருப்பது தெரியும். நல்ல மரத்தில் பலகை வருகிறது, அவ்வளவுதான். உளுத்த மரத்தை அறுத்தால்தான் எத்தனை வேலை உள்ளே நடந்திருக்கிறது என்று புரியும்.

மரம் செத்ததும் முதலில் பட்டைக்கும் வெள்ளைக்கும் (பட்டையை ஒட்டி உள்ளே இருக்கிற வெளிறிய மரம்) நடுவில் வேலை தொடங்குகிறது. மரம் சேர்த்து வைத்த மாவும் சர்க்கரையும் அங்கேதான் இருக்கின்றன, அதனால் வண்டுகளும் முதலில் அங்கேதான் வரும். பட்டையைப் பெயர்த்தால் உட்புறம் கோலம் போட்டதைப் போலக் கோடு கோடாக ஓடும். ஒவ்வொரு கோடும் நூலளவில் தொடங்கி, புழு வளர வளர அகலமாகிக்கொண்டே போகும். அடுத்து வெள்ளையைத் துளைக்கிற வண்டுகள். அவை போட்ட ஓட்டை வழியாக ஈரமும் பூஞ்சாணும் உள்ளே இறங்கும். நடுவில் இருக்கிற கெட்டியான வைரத்துக்கு வேலை கடைசியில்தான் வரும், அதற்கு வருடக்கணக்காகும். பூஞ்சாணிலும் ஒரே வகை இல்லை. ஒரு வகை தின்ற மரம் வெள்ளையாக, நார்நாராகப் பிரிந்து ஈரப் பஞ்சு மாதிரி கையோடு வரும். இன்னொரு வகை தின்றது பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் மாவாக உதிரும். முதல் வகை மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையும் சேர்த்துத் தின்கிறது. இரண்டாவது வகை அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மற்றதைத் தின்கிறது. ஒரே மரத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தேடி வருகிற பூச்சிகளும் வேறு வேறு.

உங்கள் மருதில் ஆந்தை உட்காருகிறது என்றீர்கள். புள்ளி ஆந்தையாக இருக்கும். அதற்குப் பொந்து குடையத் தெரியாது. மைனா, பச்சைக்கிளி, கொண்டலாத்தி, பனங்காடை, குண்டுக்கரிச்சான், இவை எவற்றுக்குமே மரத்தைக் குடைந்து வீடு கட்ட முடியாது. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது மரங்கொத்தியும் குக்குறுவானும்தான். அதிலும் குக்குறுவானுக்கு உளுத்து மெத்தென்றான கிளைதான் வேண்டும், பச்சை மரத்தில் அதன் அலகு ஏறாது. சாய்ந்த கிளையின் அடிப்பக்கமாகப் பார்த்து, மழைத்தண்ணீர் இறங்காத மாதிரி வட்டமாக ஓட்டை போடும். அது குஞ்சு பொரித்துவிட்டுப் போன பிறகு மற்ற பறவைகள் ஒவ்வொன்றாக வரும். இல்லையென்றால் பெருங்கிளை ஒடிந்த இடத்தில் மரம் தானாக உள்ளே உளுத்துக் கோறையாக வேண்டும், அதற்கு மரத்துக்கு வயசாக வேண்டும். உங்கள் தாத்தா காலத்து மருது அப்படிப்பட்ட மரம். இன்றைக்கு வெட்டிவிட்டு நாளைக்கே புது மருது நட்டாலும் அந்தப் பொந்து உங்கள் பேரன் காலத்தில்தான் கிடைக்கும்.

உங்களுக்கு முருங்கை இருக்கிறது, அதனால் இதையும் சொல்ல வேண்டும். ரீங்காரம் போட்டுக்கொண்டு முருங்கைப் பூவில் வந்து மோதுகிற பெரிய கருவண்டைப் பார்த்திருப்பீர்கள். வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம். முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் அதுதான் கெட்டிக்காரன். பறிக்கிற காயில் அதற்கும் பங்கு உண்டு. காய்ந்த கட்டையில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு நேராக ஓட்டை போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை வைத்து முட்டையிடும். அறுக்கும்போது இந்த அறைகள் அப்படியே குறுக்கே வெட்டுப்பட்டு வரும், மஞ்சள் உருண்டையோடு. காய்ந்த கட்டை எல்லாம் சூளைக்குப் போய்விட்டால் அது எங்கே போகும்? கொசுத்தேனீயும் அப்படித்தான். ஒரு தடவை வாகைக் கட்டை ஒன்றைப் பிளந்தபோது கோறைக்குள் கருப்பு மெழுகில் பட்டாணி பட்டாணியாகத் தேன்குடங்கள் இருந்தன. ரம்பத்தை நிறுத்திவிட்டு அந்தத் துண்டைத் தனியாக எடுத்து மண்பானையில் வைத்து வேலியோரம் கட்டினோம். மாம்பூவுக்கு ஈயும் கொசுத்தேனீயும்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன. சில வகைப் பூ ஈக்களின் புழுவுக்கே ஈரமான உளுத்த மரம்தான் பிறந்த வீடு.

சரி, பணத்துக்கு வருகிறேன். கோறை விழுந்த மருதை எந்தச் சாமில்காரனும் கன அடிக் கணக்கில் வாங்கமாட்டான். நடுவில் ஒன்றும் இருக்காது, ஓரத்தில் நல்ல பலகையும் தேறாது. எடைக்கு விறகாகத்தான் போகும், அதிலும் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கழியும். அதில் நின்றுபோகிற தொகைக்காக அந்த மரத்தை இழக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். என் தொழில் ஆள் ஒருவனே சொன்னான் என்றும் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் கணக்கு இதுதான்: தடியை விடுங்கள், சுள்ளியை எடுங்கள். கை மணிக்கட்டை விடச் சன்னமான கிளை சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், அடுப்புக்கும் அதுதான் தோது. பொந்து, ஈரம், பூஞ்சாண், பெரிய புழு எல்லாம் தடியில்தான். சுள்ளியை நம்பியும் சில பூச்சிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காட்டோரத்தில் சுள்ளி எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும். தடி அப்படி இல்லை.

மொட்டைப்பனையைத் தொடவே தொடாதீர்கள். பனைக்கு வைரம் வெளியே, சோறு என்கிற மெத்தென்ற பகுதி உள்ளே. தலை போன பிறகு உள்ளே இருக்கிற சோறு மக்கி இறங்கி, வெளிச்சுவர் மட்டும் குழாயாக நிற்கும். உச்சியில் கிளி, நடுவில் மைனா, சில இடத்தில் பனங்காடை. பனங்காடை வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துத் தின்பது, ராகி போடுகிற உங்களுக்கு அது வரப்பில் நிற்பது நல்லதுதான்.

புளியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், லோடு வந்து நிற்கிறது.

ஓய்வு_வனவர்

தம்பி கேட்ட மற்ற இரண்டு மூன்று கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன். இதே மாவட்டங்களில் வேலை பார்த்தவன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காய்ந்த மரம், விழுந்த மரம் எல்லாம் காட்டுக்குக் கேடு, நோய் பரப்பும், எடுத்துவிட வேண்டும் என்றுதான் பாடம். குறி போட்டு, டிப்போவுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவோம். அப்புறம் காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரி 14-ஆம் தேதி ஓர் ஆணை போட்டது. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் செத்த மரம், சாகிற மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம், தண்ணீரில் அடித்து வந்த கட்டை, புல் எதையும் அகற்றக் கூடாது என்று. கிருஷ்ணகிரி, தருமபுரியில் 2014-ல் காவேரி வடக்கு சரணாலயமும் 2022-ல் காவேரி தெற்கு சரணாலயமும் வந்தபோது அந்தக் காடுகளுக்கும் இது பொருந்தியது. உங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்கிறீர்கள். அந்த ஆணை அங்கே வராது. ஆனால் வனச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு கட்டையும் எடுக்க முடியாது. வியாபாரியின் ஆட்கள் உங்கள் மரத்தோடு சேர்த்து அந்தப் பக்கத்து மரத்தையும் வண்டியில் ஏற்றினால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதோடு, மருது நிற்கிற இடம் பட்டாவா, ஓடைப் புறம்போக்கா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். ஓடைக்கரை மரத்தில் இந்தக் குழப்பம் நிறைய வரும். புறம்போக்கு என்றால் வெட்டுகிற உரிமையே உங்களுக்குக் கிடையாது, பேச்சு அங்கேயே முடிந்தது. சந்தனம் எங்கேயாவது காய்ந்து நின்றால் அது வேறு கதை, உங்கள் பட்டாவிலேயே நின்றாலும் வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

எரித்தாலும் மக்கினாலும் ஒன்றுதானே என்று கேட்டீர்கள். கடைசியில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகிறது, உண்மை. ஆனால் சூளையில் ஒரே ராத்திரியில் போவது, நிலத்தில் கிடந்தால் பல வருடமாகப் போகும். அதற்குள் எத்தனையோ உயிர்கள் அதைத் தின்று வளர்ந்திருக்கும், ஒரு பங்கு மண்ணிலும் சேர்ந்திருக்கும். ஆறு கண்டங்களில் 55 இடங்களில் கட்டைகளைப் போட்டுப் பார்த்து 2021-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகக் காடுகளில் செத்த மரங்களிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,090 கோடி டன் கார்பன் வெளியே போகிறது, அதில் 29 சதவீதம் பூச்சிகளால் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். செத்த மரத்தைச் சும்மா கிடக்கிற பொருள் என்று நினைக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். பின்லாந்தில் காட்டில் வாழும் உயிரின வகைகளில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கமாக, 4,000 முதல் 5,000 வரை, செத்த மரத்தை ஏதாவது ஒரு வகையில் நம்பியிருக்கின்றன என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். காட்டைச் சுத்தமாக வைக்கிறோம் என்று கட்டையை எல்லாம் எடுத்துவிட்ட நாடு அது. இப்போது மரம் வெட்டும்போதே சிலவற்றை விட்டுவைக்கிறார்கள். பக்கத்து ஸ்வீடனில் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டி அடிமரத்தை நிற்கவே விடுகிறார்கள்.

நம் வறண்ட காட்டில் இன்னொன்று இருக்கிறது: கரையான். பெரியப்பா பயப்படுகிற அதே கரையான்தான். மழை குறைந்த இடத்தில் பூஞ்சாண் வருடம் முழுக்க வேலை செய்ய முடியாது, ஈரம் போனதும் நின்றுவிடும். கரையான் கோடையிலும் நிற்காது. மண்ணுக்குள் ஈரத்தை வைத்துக்கொண்டு, கட்டையை அரைத்து எடுத்துப்போய் அங்கே பூஞ்சாண் வளர்க்கிறது. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற காளான் அதுதான், நம் பக்கம் அதற்கு எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்கே தெரியும். கட்டையை எடுத்துவிட்டால் கரையான் போய்விடும் என்பதும் இல்லை. அதன் வீடு மண்ணுக்குள் இருக்கிறது. தின்னக் கட்டை இல்லாத இடத்தில் அது உங்கள் வேலிக்கம்புக்கும் வாசக்காலுக்கும்தான் வரும்.

தீ விஷயத்தில் பெரியப்பா பயப்படுவது நியாயம். ஆனால் தீயை ஓட விடுவது காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும் உண்ணிச்செடியும்தான். பெரிய தடி அவ்வளவு சீக்கிரம் பற்றாது. பற்றிவிட்டால் நாள்கணக்கில் கனன்றுகொண்டு கிடக்கும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. அதிலும் கோறை மரம் நின்றபடி பிடித்தால் புகைபோக்கி போல இழுத்துப் பொறியை மேலே தள்ளும். அதனால் தை மாதத்திலேயே மருதைச் சுற்றிப் புல்லையும் சருகையும் செதுக்கி நல்ல அகலத்துக்கு வெறுந்தரையாக்கிவிடுங்கள். தீத்தடுப்புக் கோடு போகிற பாதையில் மட்டும் கட்டை எதுவும் கிடக்கக் கூடாது.

அஞ்செட்டி_மலர்

எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள். விறகு பொறுக்குகிற பெண்களைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனென்றால் காட்டில் கட்டை குறைகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் கை எங்கள் பக்கம்தான் நீளும்.

எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. டீ, குழம்பு எல்லாம் அதில்தான். ஆனால் நாலு பேர் குளிக்கத் தண்ணீர் காயவைக்கவும், பெரிய சட்டியில் களி கிண்டவும், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும் விறகுதான். சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கக் கையில் காசு வரும் வரைக்கும் எல்லாமே விறகுதான். எங்கள் அம்மா, அத்தை எல்லாம் பொறுக்கி வந்த விறகை நான் பார்த்தே வளர்ந்தவள். தலைச்சுமைக்கு வருவது கையால் ஒடிக்க முடிகிற குச்சி. கோடாலி போட்டுப் பிளக்க வேண்டிய தடியை யாரும் தலையில் தூக்கி வருவதில்லை. தடி போவது வண்டியில். சூளைக்கும், கல்யாணச் சமையலுக்கும், ஓட்டலுக்கும் போகிறது. மரவாடி அண்ணன் சொன்ன தடியை விடு, சுள்ளியை எடு என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிது இல்லை, செய்துகொண்டிருப்பதே அதுதான். அதனால் விதி போடும்போது குச்சியையும் தடியையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

விழுந்த தடி காட்டில் என்ன செய்கிறது என்பதையும் அம்மா காட்டியிருக்கிறாள். ஒரு தடவை மழை விட்டதும் கட்டை ஒன்று கிழிந்து கிடந்தது. மேல்பக்கம் முழுக்க நகம் போட்ட கோடு, சுற்றிலும் தூள். கரடி புழுவுக்கும் கரையானுக்கும் பிய்த்துப் போட்டிருக்கிறது, ஈரம் காயவில்லை, இந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அம்மா எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டாள். காட்டுக்குள் கட்டை இருந்தால் கரடிக்கு அங்கேயே தீனி. அது குறைந்தால் அது எங்கள் பலாவுக்கும் வயலுக்கும் வரும் என்றுதான் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஓடைக்கரை தம்பி, உங்கள் பெரியப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். வியாபாரிக்குக் கொடுப்பதற்குப் பதில், மருதிலும் புளியிலும் இருக்கிற சின்னக் கிளையை ஊரில் விறகு தேவைப்படுகிற வீடுகளுக்கு வெட்டிக்கொள்ளச் சொல்லலாமே.

ஓடைக்கரை_அரூர்

எல்லோருக்கும் நன்றி. மாமரம் இரண்டையும் வெட்டி எரித்தாகிவிட்டது. பாலக்கோடு அண்ணன் சொன்ன மாதிரியே உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு இருந்தது. பக்கத்து மரங்களில் ஒன்றில் புதுத் தூள் இருக்கிறது, கம்பி போட்டுப் பார்த்துவிட்டுத் தாரும் பூசுகிறோம். தென்னை எங்களுக்கு இல்லை.

வனவர் ஐயா சொன்னபடி வரைபடம் பார்த்தோம். மருது பட்டாவுக்குள்தான் வருகிறது, எல்லையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அதனால் முடிவு எங்கள் கையில்தான்.

பெரியப்பா பாதி இறங்கி வந்திருக்கிறார். அவருக்கு இப்போது இரண்டு கவலை. மருதுக்கு அடியில் மாடு கட்டுகிற வழக்கம் உண்டு, கிளை ஒடிந்து விழுந்தால் என்ன செய்வது? புளியங்கட்டை தோப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, குழந்தைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள், பாம்பு தேள் இருந்தால்? மலர் அக்கா சொன்ன யோசனை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

மரவாடி_கிருஷ்ணகிரி

நல்லது தம்பி. மாடு கட்டுவதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அதில் பேச்சே கிடையாது. காய்ந்த மருதின் கிளை காற்று இல்லாத நாளிலும் ஒடியும்.

மரத்தை அடியோடு சாய்க்காமல் மேல் கிளைகளை மட்டும் இறக்கலாம். அனுபவம் உள்ள மரமேறியாகப் பாருங்கள், கயிறு கட்டி இறக்குகிறவராக இருக்க வேண்டும். காய்ந்த மரம் பச்சை மரம் மாதிரி வளைந்து கொடுக்காது, சட்டென்று முறியும். அதனால் காய்ந்த கிளையில் ஏறி நிற்க விடாதீர்கள். வண்டி வர வழி இருந்தால் ஏணி வண்டி வைப்பது இன்னும் நல்லது. பொந்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் வரைக்கும் நடுமரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டால் பாரம் குறையும், மரமும் இன்னும் பல வருடம் நிற்கும். கிளையை வெட்டும்போது மரத்தோடு ஒட்டிச் சீவாமல் ஒரு முழம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அந்தக் குட்டைக் கிளை உளுத்த பிறகு குக்குறுவானுக்கு ஆகும். பொந்தின் வாயைச் சுத்தம் செய்கிறேன், சிமென்ட் பூசுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

எப்போது செய்வது என்பது முக்கியம். தை முதல் சித்திரை வரைக்கும் வேண்டாம். கிளிக்கும் ஆந்தைக்கும் பெரும்பாலும் அதுதான் குஞ்சுக் காலம். ஆடி ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் தள்ளி நின்று எந்தப் பொந்தில் எது போகிறது, எது வருகிறது என்று பாருங்கள். உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்டால் அது பறந்த பிறகு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

புளிக்கு வருகிறேன். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் அது கிடக்க வேண்டாம், பெரியப்பா சொல்வதுதான் சரி. உளுத்த பட்டைக்கு அடியில் தேளும் பூரானும் கட்டாயம் இருக்கும், பாம்பும் வரலாம். ஆனால் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். புளிக்கு வைரம் கொஞ்சம்தான், மீதி வெள்ளை எல்லாம் இந்நேரம் தூளாகியிருக்கும், விலை வராது. சின்னக் கிளையை மலர் சொன்ன மாதிரி ஊரில் வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். அடிமரத்தை இரண்டு மூன்று துண்டாக்கி, டிராக்டரில் கட்டி இழுத்து, ஓடைக்கு இறங்குகிற சரிவில் குறுக்காகப் போடுங்கள். சரிவோடு நீளவாக்கில் போட்டால் பிரயோஜனம் இல்லை, உருளவும் செய்யும். குறுக்கே போட்டு அடிப்பக்கம் கல் முட்டுக்கொடுங்கள். மழையில் இறங்குகிற மண்ணும் சருகும் விதையும் மேல்பக்கத்தில் வந்து தேங்கும். இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடத்தில் புல்லும் கன்றும் மற்ற இடத்துக்கு முன்னால் எழும்புவதைப் பார்ப்பீர்கள். பங்குனி வெயிலில் அந்தக் கட்டையைப் புரட்டினால் அடியில் மண் ஈரமாக இருக்கும், மரவட்டையும் அரணையும் அங்கேதான் கோடையைத் தள்ளும். புரட்டிப் பார்த்தால் திரும்ப அதே மாதிரி கவிழ்த்துவிடுங்கள். கையை உள்ளே விடாமல் கம்பால் புரட்டுங்கள். இழுத்துப் போட்ட இடம் வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

மருதுக்குக் கீழே கன்று ஏதாவது எழும்பியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? இருந்தால் ஆடு கடிக்காமல் முள் வேலி போடுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் அதே கரையில், கொஞ்சம் தள்ளி, இரண்டு மருதங்கன்று நட்டுவிடுங்கள். நர்சரியில் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், மரவாடிக்கு வருகிறவர்களிடம் கேட்டு வாங்கி வைக்கிறேன்.